உயிரோட இருக்கேன்னு சொல்ல 400 டாலரா?

ஊர்ல பென்ஷன் வாங்குற தாத்தா பாட்டிங்க வருஷத்துக்கு ஒரு தடவை "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்"னு ஆயுள் சான்று குடுப்பாங்க இல்லையா? அமெரிக்காவுல கம்பெனிங்களுக்கும் அதே கதைதான். நாலு பேர் வேலை பாக்குற கடையா இருந்தாலும் சரி, தனி ஆளா மாவு அரைச்சு விக்கிற எல்எல்சியா இருந்தாலும் சரி, பெரும்பாலான மாநிலங்கள்ல வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ மாநில அரசுக்கு ஒரு படிவம் அனுப்பியே ஆகணும். ஆனுவல் ரிப்போர்ட்டுன்னு பேரு.

தாத்தாவுக்கும் கம்பெனிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாத்தா லேட்டா போனா பென்ஷனை நிறுத்தி வைப்பாங்க, சான்று குடுத்ததும் நிலுவையோட சேத்து குடுத்துடுவாங்க. "ஏன்யா லேட்டு"ன்னு கேட்டு மூணு மாசப் பென்ஷனைப் பிடுங்கிக்க மாட்டாங்க. நான் குப்பை கொட்டுற ஃப்ளோரிடாவுல பிடுங்குவாங்க.

இதை ஆபீஸ் சாப்பாட்டு நேரத்துல சொன்னா, கூட வேலை பாக்குற நம்மூர் நண்பர் தயிர்சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே தீர்ப்பு சொல்லிட்டார். "ரூல்னா ரூல்யா. தேதி தெரியும்ல? கட்டலைன்னா ஃபைன் கட்டித்தான் ஆகணும். தொழில் பண்றவன் இதுக்கெல்லாமா அழுவான்?" அவரை மட்டும் சொல்லிக் குத்தம் இல்ல. பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துல முக்கால்வாசிப் பேருக்கு இதே எண்ணம்தான். மாசம் பொறந்தா சம்பளம் வருது, வரியைக் கம்பெனியே பிடிச்சுக்குது, வருஷத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு மென்பொருள்ல நாலு பட்டனைத் தட்டினா கணக்கு முடிஞ்சது. நமக்கு எங்க தெரியப்போவுது? அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல, இது என்ன படிவம்? பேரைக் கேட்டா பயமாத்தான் இருக்கும். பங்குச்சந்தையில இருக்கிற பெரிய கம்பெனிங்க பளபளன்னு ஒரு புத்தகம் போடும், லாபம், நஷ்டம், கடன், தலைவர் சிரிச்சுக்கிட்டு இருக்கிற போட்டோன்னு. அதுக்கும் ஆனுவல் ரிப்போர்ட்டுன்னுதான் பேரு. ஆனா மாநிலம் கேக்குறது அது இல்ல. ஃப்ளோரிடா படிவத்துல நீங்க எவ்வளவு சம்பாதிச்சீங்கன்னு ஒரு கேள்விகூட கிடையாது. கம்பெனி பேரு, தொழில் நடக்கிற முகவரி, தபால் முகவரி, வரி எண், யார் நிர்வாகி, உங்க சார்புல கோர்ட்டு சம்மனை வாங்கிக்கிற பதிவு முகவர் யாரு, அவ்வளவுதான். பாதிக்கு மேல போன வருஷம் குடுத்தது அப்படியே நிரப்பியிருக்கும். சரி பாத்து, பேரைத் தட்டி, பணத்தைக் கட்டினா முடிஞ்சுது. எல்எல்சிக்கு 138.75 டாலர், கார்ப்பரேஷனுக்கு 150 டாலர். ஜனவரி 1 தொடங்கி மே 1 வரைக்கும் நேரம். (அந்த 75 சென்ட் எந்தப் புண்ணியவான் போட்ட கணக்குன்னு தெரிஞ்சா அவருக்கு ஒரு காபி வாங்கித் தரலாம்.)

எங்க குடியிருப்புல ஒரு அக்கா இருக்காங்க. எல்லாரும் மாவு அக்கான்னுதான் கூப்பிடுவோம். வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. இவங்க தோசை மாவு அரைச்சு டப்பாவுல விக்கிறாங்க, சின்னச் சின்ன விசேஷங்களுக்கு சமைச்சும் குடுக்குறாங்க. குளிர்பெட்டியில வைக்க வேண்டிய பண்டத்தை இங்க வீட்டுல தயாரிச்சு விக்க முடியாது. அதுக்காக மணிக்கணக்குல வாடகை குடுத்து அனுமதி வாங்கின சமையல்கூடத்துல கிரைண்டரைப் போட்டு அரைக்கிறாங்க. எல்எல்சி ஆரம்பிச்சு முறையா நடத்துறாங்க. "தம்பி, நாளைக்கு யாராச்சும் சாம்பார் கொட்டிடுச்சுன்னு கேஸு போட்டா, கடை போனாப் போவுது, வீடு போயிடக் கூடாதுல்ல?"ன்னு கேப்பாங்க. எல்எல்சின்னா என்னன்னு இதைவிடத் தெளிவா எந்த வக்கீலும் எனக்குச் சொன்னதில்ல.

ஒரு பிப்ரவரி மாசம் அவங்ககிட்ட இருந்து போன். "தம்பி, கெவர்மென்ட்டு லெட்டரு வந்திருக்கு. கம்பெனி காலாவதி ஆயிடுமாம். செக்கு எழுதிட்டேன், எங்க கையெழுத்துப் போடணும்னு பாத்துச் சொல்லிட்டுப் போ." போய்ப் பாத்தேன். கழுகு படம், சிவப்பு எழுத்துல கடைசித் தேதி, சட்டப் பிரிவு எண், கம்பெனி பேரு, பதிவு எண், எல்லாம் கரெக்டா அச்சடிச்சிருக்கு. கேட்ட தொகை அரசு ஃபீஸை விட நல்லாவே ஜாஸ்தி. அடியில எறும்பு ஊர்ற மாதிரி ஒரு வரி: இந்த நிறுவனம் அரசு அமைப்பு அல்ல. அடப்பாவிகளா! பேரைச் சொல்லி விளம்பரம் குடுக்க விருப்பம் இல்ல. அதுவும் இல்லாம, இந்த மாதிரி கடுதாசி போடுறவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. பல மாநிலங்கள் தங்களோட தளத்துலயே "இப்படி ஒரு கடிதம் வந்தா நாங்க அனுப்பினது இல்ல"ன்னு எச்சரிக்கை போட்டு வச்சிருக்கு.

இவங்களுக்கு அக்காவோட முகவரி எப்படிக் கிடைச்சுது? அதே ஆனுவல் ரிப்போர்ட்ல இருந்துதான். அதுல நீங்க எழுதுற எல்லாமே பொது ஆவணம். யார் வேணா தேடிப் பாக்கலாம், மொத்தமா இறக்கிக்கலாம். மாநிலம் ஒரு படிவத்தைக் கட்டாயமாக்குது, அதுல வாங்கின முகவரியை ஊருக்கே திறந்து வைக்குது, லேட்டானா பெரிய அபராதம்னு பயத்தையும் கிளப்பி விடுது. இந்த மூணையும் வச்சு ஒரு கூட்டம் நல்லாப் பொழைக்குது. 2024-ல ஃபின்சென் விவகாரத்துலயும் இதேதான் நடந்துச்சு. கம்பெனியோட உண்மையான உரிமையாளர் யாருன்னு மத்திய அரசுக்குச் சொல்லணும், சொல்லலைன்னா நாளுக்கு 591 டாலர் வரைக்கும் அபராதம்னு கிளம்புச்சு. கோர்ட்டு, தடை, மறுபடி கோர்ட்டுன்னு இழுத்து, 2025 மார்ச்ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச கம்பெனிங்களுக்கு வேண்டாம்னு விதிவிலக்கு குடுத்துட்டாங்க. அதுக்குள்ள எத்தனை பேரு எத்தனை ஏஜெண்டுக்கு அழுதாங்களோ! அதையும் மாநில ஆனுவல் ரிப்போர்ட்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அது போயிடுச்சு, இது போகல.

அக்காவோட செக்கைக் கிழிச்சுப் போட்டுட்டு, சன்பிஸ் தளத்துக்குப் போய் (ஃப்ளோரிடா கம்பெனிப் பதிவுத் தளத்துக்கு அதான் பேரு), அவங்க குடுத்த காபி ஆறுறதுக்குள்ள வேலையை முடிச்சோம். ஒண்ணே ஒண்ணுல உஷாரா இருங்க. பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி முகவரியை நல்லாப் பாத்துடுங்க. தட்டின பிறகு எல்எல்சி ரிப்போர்ட்டைத் திருத்தணும்னா அதுக்குத் தனியா 50 டாலர்.

இது வரைக்கும் எனக்கு மாநிலத்து மேல பெரிய புகார் இல்ல. 'அரசாங்கம் எதுக்கு எங்ககிட்ட எதையும் கேக்கணும்'னு கொடி பிடிக்கிற கட்சி நான் இல்ல. எல்எல்சிங்கறது மாநிலம் குடுக்குற ஒரு கவசம். கடைக்குக் கடன் வந்தா வீட்டுக்கு வராதுங்கிற உறுதி. அந்தக் கவசத்தைப் போட்டுக்கிட்டு நடக்குறவன் யாரு, அவனை எங்க தேடிப் பிடிக்கிறதுன்னு ஊருக்குத் தெரியணும்ல? கல்யாணத்துக்கு முன்பணம் குடுக்கப் போறவங்க மண்டபக் கம்பெனி நிஜமாவே இருக்கா, யாரு நடத்துறாங்கன்னு தேடிப் பாக்கலாம். சம்பளம் தராம ஏமாத்தின முதலாளி மேல வழக்குப் போடணும்னா சம்மனை யார்கிட்ட குடுக்கிறதுன்னு தெரியணும். அதுக்கு இந்தப் பதிவேடு சரியா இருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை கேளுங்க, நியாயமான ஃபீஸும் வாங்கிக்கோங்க.

லேட்டானா என்ன பண்றாங்கங்கறதுலதான் என் சண்டை.

மே 1 ராத்திரி 11:59 வரைக்கும் 138.75. அதைத் தாண்டி ஒரு நிமிஷம் ஆச்சுன்னா 538.75. 400 டாலர் தாமதக் கட்டணம், படிப்படியா ஏறுறதெல்லாம் கிடையாது, ஒரே அடி. ஒரு நாள் லேட்டானாலும் அதேதான், நாலு மாசம் லேட்டானாலும் அதேதான். ஆயிரம் கோடி புரட்டுற கம்பெனிக்கும் 400, மாவு அக்காவுக்கும் 400. கட்டவேண்டிய தொகையில கிட்டத்தட்ட மூணு மடங்கு. கந்துவட்டிக்குக் கொஞ்சமும் சளைக்காத கிரெடிட் கார்டு கம்பெனிங்ககூட லேட்டானா 40 டாலர் பக்கம்தான் வாங்குறாங்க.

சமமாத்தானே வாங்குறாங்கன்னு நண்பர் கேப்பார். கேளுங்க. ஒர்லாண்டோவுல தீம் பார்க் வச்சிருக்கிற அளவுக்குப் பெரிய கம்பெனிக்கு, இந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்கிறதுக்குன்னே சம்பளம் வாங்குற ஆள் இருக்காங்க, மென்பொருள் இருக்கு, வக்கீல் இருக்காங்க. அவங்க மறக்க மாட்டாங்க. மறந்தாலும் 400 டாலர் அவங்களுக்குக் கணக்குப் புத்தகத்துல ஒரு தூசு. மறக்கக்கூடியது யாரு? காலையில கிரைண்டர், மத்தியானம் டெலிவரி, சாயங்காலம் பிள்ளையோட வீட்டுப்பாடம்னு இருக்கிற ஆளு. சட்டத்துல எல்லாருக்கும்னுதான் எழுதியிருக்கு, ஆனா நடைமுறையில இது சின்ன ஆளுங்க மட்டும் கட்டுற அபராதம். அக்காவுக்கு ஒரு டப்பா மாவுல செலவு போக ரெண்டு டாலர் நின்னா ஜாஸ்தி. 400 டாலர்னா 200 டப்பா. அரிசி ஊற வச்சு, அரைச்சு, புளிக்க வச்சு, டப்பாவுல அடைச்சு, வண்டியில போய்க் குடுத்து... 200 தடவை. நண்பரே, உங்க சம்பளத்துல இது ஒரு வார இறுதி ஹோட்டல் செலவு. அதனாலதான் உங்களுக்கு ரூல்னா ரூல்.

"அப்படிப் பயமுறுத்தலைன்னா ஒருத்தனும் ரிப்போர்ட் போட மாட்டான்"கிறது அடுத்த வாதம். இதுக்கு ஃப்ளோரிடாவே பதில் வச்சிருக்கு. அதே படிவம், அதே மே 1, ஆனா லாப நோக்கமில்லாத கார்ப்பரேஷன்னா ஃபீஸ் 61.25, தாமதக் கட்டணம் கிடையாது. ஒரு பைசா கிடையாது. கோயில் டிரஸ்டும் தமிழ்ச் சங்கமும் 400 டாலர் பயம் இல்லாமலே ரிப்போர்ட் போடுவாங்கன்னு மாநிலம் நம்புது. மாவு அக்காவை மட்டும் நம்பாது போல.

இனிமே வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பொட்டி தட்டுறவனா இருக்கிறதால பிழை எங்க இருக்குன்னு மூக்கு தானா மோப்பம் பிடிச்சுடும். மே மாசமும் போடல, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டும் போடல. செப்டம்பர் மூணாவது வெள்ளிக்கிழமை வரைக்கும் போடலைன்னா, நாலாவது வெள்ளிக்கிழமை மாநிலம் கம்பெனியைக் கலைச்சுடும். நிர்வாக ரீதியான கலைப்புன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் உயிர் குடுக்கணும்னா மீட்புக் கட்டணம் கட்டணும். எல்எல்சிக்கு அது 100 டாலர், கூட விட்டுப்போன வருஷ ரிப்போர்ட்டுக்கு 138.75. ஆக மொத்தம் 238.75. இன்னொரு தடவை படிங்க. மே 2-ஆம் தேதி "ஐயா மன்னிச்சுக்கோங்க, ஒரு நாள் தாமதம்"னு வந்தா 538.75. செப்டம்பர் வரைக்கும் தூங்கி, கம்பெனி செத்து, அக்டோபர்ல வந்து எழுப்பினா 238.75! ஃபீஸ் அட்டவணை அவங்க தளத்துலயே இருக்கு, நீங்களே கூட்டிப் பாத்துக்கோங்க. கார்ப்பரேஷனுக்கு இந்தச் சலுகை இல்ல. அங்க மீட்புக் கட்டணமே 600.

லேட்டா சொல்றதை விட செத்துப் பிழைக்கிறது சல்லிசு. நான் இப்படி ஒரு நிரல் எழுதிக் குடுத்தா என் மேனேஜர் என்னை என்ன பண்ணுவார்னு யோசிச்சேன், சிரிப்புதான் வந்துச்சு. மனுஷன் நல்லபடியா நடந்துக்கணும்னு வச்ச அபராதம், தப்பை உணர்ந்து சீக்கிரம் ஓடி வர்றவனுக்கு ஜாஸ்தி, வராதவனுக்குக் கம்மி. ஒழுக்கத்துக்காகத்தான் 400 டாலர்னு சொல்ற நண்பர்கள் இந்தக் கணக்கை மட்டும் எனக்கு விளக்குங்க.

உடனே இதை உபாயமா எடுத்துக்கிட்டு கம்பெனியைச் சாகவிடாதீங்க, ப்ளீஸ். நடுவுல இருக்கிற நாள்தான் ஆபத்து. ரிப்போர்ட் போடாத எல்எல்சி, போட்டு ஃபீஸ் கட்டுற வரைக்கும் ஃப்ளோரிடா கோர்ட்டுல வழக்கு நடத்தவே முடியாது. யாராவது விசேஷத்துக்குச் சாப்பாடு வாங்கிட்டுப் பணம் தரலைன்னு வைங்க, கேக்க வழியில்ல. மீட்டதுக்கப்புறம் நடுவுல சாகவே இல்லைங்கிற மாதிரி சட்டம் கணக்கு வச்சுக்கும், உண்மைதான். ஆனா மீக்கிற வரைக்கும் கவசத்துல ஓட்டை இருக்குன்னு எதிர்த்தரப்பு வக்கீல் பேச இடம் குடுத்த மாதிரி.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், வேற ஒரு மாநிலம், எதுன்னு வேண்டாம். சின்ன உணவு வண்டி. வீடு மாறினார், அரசுப் பதிவுல பழைய முகவரியே இருந்துச்சு, நினைவூட்டல் எல்லாம் அங்கயே போச்சு. கம்பெனி கலைஞ்சு போனதே அவருக்குத் தெரியல. தினமும் வண்டி ஓட்டுறார், வரி கட்டுறார், கூட்டமும் வருது. புதுசா அடுப்பு வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனா, கம்பெனி நல்ல நிலையில இருக்குன்னு மாநிலச் சான்றிதழ் கொண்டான்னாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, காகிதத்துல செத்து ஏழு மாசம் ஆச்சுன்னு. மீட்டு எடுத்தார். அதுக்குள்ள அவர் பேசி வச்சிருந்த அடுப்பு வேற ஆளுக்குப் போயிடுச்சு, பண்டிகை சீசனும் போயிடுச்சு. வரி கட்டும்போது மட்டும் அந்தக் கம்பெனி உயிரோட இருந்திருக்கு பாருங்க!

எனக்குக் கோபம் வர்ற இடமும் அதான். மாவு அக்கா விசேஷச் சமையலுக்கு விற்பனை வரி வசூல் பண்ணி ஃப்ளோரிடா வருவாய்த் துறைக்குக் கணக்குக் குடுக்குறாங்க. அதே மாநிலம். ஒரு கை அவங்ககிட்ட வரியை வாங்கிப் போட்டுக்குது, இன்னொரு கை "நீ உயிரோட இருக்கியா?"ன்னு கேட்டு, பதில் ஒரு நாள் லேட்டானா 400 டாலர் கேக்குது. ரெண்டு துறையோட தகவல்தளத்தையும் பேசவிட்டா தெரியாதா? சரி, அதெல்லாம் பெரிய வேலைன்னே வச்சுப்போம். மே 2-ல ஆரம்பிச்சு ஒரு மாசம் அவகாசம் குடுத்து, தினம் ஒரு குறுஞ்செய்தி அனுப்புறது பெரிய வேலையா? காலேஜ் ரெண்டாம் வருஷப் பையன் ஒரு ராத்திரியில எழுதிக் குடுப்பான். பீட்சா கடைக்காரன் மாவு அடுப்புக்குள்ள போயிடுச்சுன்னு எனக்கு நிமிஷத்துக்கு ஒரு செய்தி அனுப்புறான்யா.

மத்த மாநிலமெல்லாம் எப்படின்னு தேடினேன். ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. தேதியே ஒரு பெரிய கூத்து. ஃப்ளோரிடா ஆடி அமாவாசை மாதிரி, எல்லாருக்கும் ஒரே நாள். மாசசூசெட்ஸ், இல்லினாய், நியூஜெர்சி எல்லாம் திதி பாத்து திவசம் குடுக்குற கட்சி, கம்பெனி ஆரம்பிச்ச நாளையோ மாசத்தையோ வச்சுக் கணக்கு. மாசசூசெட்ஸ்ல எல்எல்சிக்கு வருஷம் 500 டாலர், கேட்டதும் தலை சுத்திருச்சு. கலிஃபோர்னியாவுல எல்எல்சி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடுக்குற தகவல் படிவத்துக்கு 20 டாலர்தான், ஆனா விட்டுட்டா அபராதம் 250. பன்னெண்டரை மடங்கு! (அது போக வருஷா வருஷம் 800 டாலர் குறைந்தபட்ச வரி தனி.) அதைப் பாத்தா ஃப்ளோரிடா சாதுவாத் தெரியுது.

ஆனா நியூயார்க்கைப் பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 9 டாலர். போடலைன்னா பண அபராதம் இல்ல, பதிவேட்டுல "கெடு தாண்டிருச்சு"ன்னு காட்டும், அவ்வளவுதான். மினசோட்டாவுல உள்ளூர் எல்எல்சி டிசம்பர் 31-க்குள்ள புதுப்பிச்சா ஃபீஸே கிடையாது. டெக்சாஸ்ல இந்தத் தகவல் அறிக்கையை மே 15 வரிக்கணக்கோட சேத்தே வாங்கிக்கிறாங்க, அறிக்கைக்குன்னு தனி ஃபீஸ் இல்ல. இல்லினாய்ல எல்எல்சி ரிப்போர்ட்டுக்கு 250 டாலர் வாங்கிக்கிட்டு இருந்தாங்க, 2017 கடைசியில அதை 75 ஆக்கிட்டாங்க. பென்சில்வேனியாவுல பல வருஷமா பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் கேட்டாங்க. 2022-ல சட்டத்தை மாத்தி 2025-ல இருந்து வருஷா வருஷம்னு ஆக்குனாங்க, ஃபீஸ் 7 டாலர். புது வழக்கம், ஜனங்க பழகட்டும்னு முதல் ரெண்டு வருஷத்துக்குக் கலைப்பு கிடையாது, 2027 ரிப்போர்ட்ல இருந்துதான் ஆரம்பம்னு வச்சிருக்காங்க. ஒஹாயோ, அரிசோனா, மிசௌரி, நியூ மெக்சிகோவுல சாதாரண எல்எல்சிக்கு ஆனுவல் ரிப்போர்ட்டே இல்ல. அங்கெல்லாம் வானம் இடிஞ்சு விழுந்துடுச்சா? அரிசோனாவுல ஆள் எல்எல்சி நடத்தலையா?

இந்த இடத்துல நம்மாளு ஒருத்தர் கண்டிப்பா எழுந்து "அப்ப டெலவேர்ல பதிவு பண்ணிடுங்க, வயோமிங்ல பண்ணிடுங்க, பிரச்சினையே இல்ல"ம்பார். ஐயா சாமி, புண்ணியமாப் போவும், இந்த யோசனையை மட்டும் மாவு விக்கிறவங்களுக்குச் சொல்லாதீங்க. தொழில் நடக்கிறது ஃப்ளோரிடாவுலன்னா, டெலவேர் கம்பெனி ஃப்ளோரிடாவுல வெளிமாநிலக் கம்பெனியாப் பதிவு பண்ணணும், அதுக்கும் வருஷா வருஷம் இங்க ரிப்போர்ட் போடணும். டெலவேருக்கு எல்எல்சி வரி 300 டாலர், ஜூன் 1-க்குள்ள, லேட்டானா 200 டாலரும் மாசம் ஒன்றரை சதவீத வட்டியும். ரெண்டு பதிவு முகவர், ரெண்டு தேதி, மறக்குறதுக்கு ரெண்டு வாய்ப்பு. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்!

டெலவேர்ல கார்ப்பரேஷன் ஆரம்பிக்கிற ஸ்டார்ட்அப் தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. யாரோ சொன்னாங்கன்னு 1 கோடி பங்குன்னு எழுதி வைப்பீங்க. மார்ச் 1 நெருங்கும்போது 85,165 டாலர் வரின்னு ஒரு கடுதாசி வரும். நெஞ்சைப் பிடிச்சுக்காதீங்க. அது பங்கு எண்ணிக்கையை மட்டும் வச்சுப் போட்ட கணக்கு. கம்பெனியோட சொத்து மதிப்பையும் சேத்துப் பாக்குற இன்னொரு முறை இருக்கு. கையில ஒண்ணும் இல்லாத கம்பெனின்னா பெரும்பாலும் அதோட குறைந்தபட்சத் தொகை 400 டாலர்ல நிக்கும், கூட ரிப்போர்ட் ஃபீஸ் 50. ரெண்டு முறை இருக்கு, எது கம்மியோ அதைக் கட்டலாம்னு சட்டம் சொல்லும்போது, பெரிய தொகையை முதல்ல காட்டி எதுக்குய்யா ஆளைக் கொல்றீங்க?

எனக்கு ஃபீஸே வேண்டாம்னு சொல்லல, அபராதமே கூடாதுன்னும் சொல்லல. ஃப்ளோரிடா 138.75 வாங்கட்டும். மே மாசம் முழுக்க அவகாசம் குடுத்து, அதுக்கப்புறம் மாசத்துக்கு 25 டாலர்னு ஏறட்டும். நாலு மாசத்துல 100 ஆகும், மீட்புக் கட்டணத்தோட சரியா வந்து நிக்கும், மேல சொன்ன பைத்தியக்காரக் கணக்கும் தீரும். முதல் தடவை தவறினவங்களை ஒரு தடவை விட்டுடலாம். இது மாநிலச் சட்டம், சட்டசபைதான் மாத்தணும். இல்லினாய் மாத்தியிருக்கு. ஓட்டுரிமை இருக்கிற நம்மாளுங்க இங்க நிறையப் பேரு இருக்கீங்க. பொங்கல் விழாவுக்கு உள்ளூர் சட்டசபை உறுப்பினரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்தி போட்டோ எடுத்துக்கிறீங்கல்ல? அந்தப் பொன்னாடையோட இந்த 538-ஐயும் 238-ஐயும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க. எனக்கு ஓட்டு இல்ல, விசாதான் இருக்கு. பதிவுதான் எழுத முடியும்.

டிஸ்கி 1: நான் வக்கீலும் இல்ல, ஆடிட்டரும் இல்ல, வெறும் இன்ஜினியரிங்தான். ஃபீஸ் எல்லாம் மாறும். கட்டுறதுக்கு முன்னாடி உங்க மாநிலத்துத் தளத்துலயே போய்ப் பாத்துக்கோங்க. தேடுபொறியில முதல்ல வர்ற விளம்பரத்தைத் தட்டாதீங்க, அங்கயும் அந்தக் கழுகுக் கூட்டம்தான் உக்காந்திருக்கு.

டிஸ்கி 2: பதிவேட்டுல இருக்கிற உங்க மின்னஞ்சல் முகவரி பழைய காலேஜ் நாள்ல வச்ச முகவரியா இல்ல இப்ப பாக்குற முகவரியான்னு இன்னைக்கே பாருங்க. நினைவூட்டல் அதுக்குத்தான் வரும்.

டிஸ்கி 3: தயிர்சாத நண்பர் இதைப் படிச்சுட்டு பின்னூட்டத்துல கும்மியடிக்க வருவார்னு தெரியும். வாங்க சார். முதல்ல அந்த 538.75-க்கும் 238.75-க்கும் விளக்கம், அப்புறம் ரூல் :-)